ரோசாவின் பசியும் பசளை மூடையும்

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளிற் கோவாவும் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் செய்துவந்த கமக்காரர் சிலர், தோட்டத்தின் ஒரு மூலையிற் பொலித்தீன் கூடாரம் அமைத்து, வெட்டுமலருக்காக ரோசாச் செடியை நாட்டி வருகின்றனர். வேண்டிய நிலம் சிறிது. செடி காய்ப்பருவத்திற்கு வந்தபின் வருமானம் வாரந்தோறும் கைக்கு எட்டும். குளிர்ந்த காலநிலையும் இச்செடிக்கு உகந்ததே. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவினது. அருகேயுள்ள ஹக்கலைத் தாவரவியற் பூங்கா 1861 இல் சிங்கோனாச் செய்கையை முன்னிட்டுத் தொடங்கப்பெற்றுப் பின்னாளில் ரோசாவினாற் பெயர்பெற்றது. ஆகவே மலைநாட்டிற்கு ரோசா புதிதன்று. அதனை ஒரு பயிராகக் கொண்டு, காம்புக்கு இத்தனை ரூபா என்று கணக்கிட்டு விற்கும் முயற்சியே மரக்கறிக் கமக்காரருக்குப் புதிது.

மரக்கறித் தோட்டத்திலிருந்து இம்முயற்சிக்கு வருவோர் தம்மோடு கொண்டுவரும் பழக்கங்களுட் பல நல்லவை. நோயும் பீடையும் தோன்றும்போதே கண்டறிதல், பாத்தியின் வடிகாலைக் காத்தல், சந்தைக்குரிய நாளை முன்கூட்டி எண்ணுதல் ஆகியன எப்பயிருக்கும் பொருந்துவன. பொருந்தாத பழக்கம் ஒன்று உண்டு. பயிர் துளிர்த்து ஓங்குகையிற் பசளையை அள்ளி இடுவதும், பூவோ காயோ தோன்றியதும் கையை நிறுத்துவதும், பாத்திக்குச் சென்ற மூடைகளின் எண்ணிக்கையையே கவனிப்பின் அளவாகக் கொள்வதுமே அப்பழக்கம். ரோசாவைப் பொறுத்தவரை இது அளவிலும் தவறு, காலத்திலும் தவறு. கூடாரத்திற்காகக் கடன் பட்டவருக்கு இத்தவறு சிறியதன்று. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ இலையின் ஓரம் கருகிக் காம்பு குட்டையாகும்போது, கடனின் தவணை மட்டும் குட்டையாவதில்லை.

முதலில் அளவு. நல்ல நீளமான ஒரு ரோசாக் காம்பு, இலையும் மலரும் உட்பட, நீர் நீங்கியபின் 10 கிராம் நிறையுடையது என்று கொள்ளலாம். அதில் நைதரசன் நூற்றுக்கு 3 பங்கு எனின், ஒரு காம்பு தோட்டத்தை விட்டுக் கொண்டுசெல்லும் நைதரசன் 0.3 கிராம். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. எனவே 50 கிலோகிராம் மூடை ஒன்றில் இருப்பது 23 கிலோகிராம். இதனை 0.3 கிராமால் வகுத்தால் விடை 76,000 இற்கு மேல் வருகிறது. அதாவது, ஒரேயொரு மூடை யூரியாவில் எழுபத்தாறாயிரம் காம்புகள் கொண்டுசெல்லும் நைதரசன் அடங்கியுள்ளது.

நூறு சதுர மீற்றர்க் கூடாரம் ஒன்றில், சதுர மீற்றருக்கு ஆண்டிற்கு 100 காம்பு வீதம் பத்தாயிரம் காம்பு வெட்டப்படுமாயின், வெளியேறுவது 3 கிலோகிராம் நைதரசன். இது ஆறரைக் கிலோகிராம் யூரியாவுக்குச் சமன். கவ்வாத்தில் நீக்கும் தண்டிற்கும், வேரின் வளர்ச்சிக்கும், தவிர்க்கவியலாத இழப்புக்குமாக இதனை இருமடங்காக்கினாலும் 13 கிலோகிராமைத் தாண்டாது. ஓர் ஆண்டு முழுவதற்கும் உரிய தேவை இது. இதனைவிடப் பெரிய தொகையை ஒரே மாதத்தில் இடும் கூடாரங்கள் உண்டு. மேலும், நடுகைக்கு முன் சதுர மீற்றருக்கு 2 கிலோகிராம் வீதம் இடப்படும் உலர்ந்த கோழி எருவை எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை. அவ்வெருவில் நைதரசன் நூற்றுக்கு 2 பங்கே என்று கொண்டாலும், நூறு சதுர மீற்றருக்குச் சென்றது 4 கிலோகிராம். அதில் ஏறக்குறையப் பாதியே முதலாண்டில் வெளிப்படும் எனினும், செடியின் தேவையிற் பெரும்பங்கு மூடையை அவிழ்ப்பதற்கு முன்னரே மண்ணிற் சேர்ந்துவிட்டது.

நெற்செய்கையாளருக்கு இக்கணக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு தொன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோகிராம் வரை நைதரசனை எடுத்துக்கொள்கிறது. வயலில் இட்டதிற் பெரும்பங்கு காற்றோடும் நீரோடும் போய்விடுவதால், எடுப்பதைவிடக் கூடுதலாகவே இடவேண்டியிருக்கிறது. தேங்கிய நீரிற் பயிர் செய்வோருக்கு மூடைக் கணக்கு இயல்பாக அமைந்தது அதனாலேயே. கூடாரத்து ரோசாவின் நிலை வேறு. அங்கு மழை இல்லை, வெள்ளம் இல்லை, இட்டது எங்கும் ஓடிவிடாது. செடி எடுக்காத பங்கு வேரின் அருகிலேயே உப்பாகக் கிடக்கும்.

அடுத்துக் காலம். இவ்விடயமே பலரும் அறியாதது; கண்ணாற் காண்பதற்கு எதிரானது; ஆதலாற் சற்று விரிவாகக் கூறவேண்டியது.

ரோசாச் செடி ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பூப்பதன்று. ஒரு காம்பை வெட்டியதும், வெட்டுவாயின் கீழேயுள்ள கண்ணிலிருந்து முளை கிளம்புகிறது. செந்நிறத் துளிராக வெளிப்பட்டுச் சில நாளில் விரைந்து நீளுகிறது. நுனியில் மொட்டுத் தோன்றுகிறது. மொட்டுப் பருத்து நிறங்காட்டி வெட்டுக்கு வருகிறது. வெட்டிலிருந்து வெட்டு வரை 6 முதல் 8 வாரம் செல்லும். குளிர் மிகுந்த மாதங்களில் மேலுஞ் சில நாள் கூடும். இவ்வட்டத்தில் எப்போது செடியின் பசி மிகுதி என்று எந்தக் கமக்காரரைக் கேட்டாலும், காம்பு விரைந்து நீளும் காலத்தையே காட்டுவார். கோவாவையும் போஞ்சியையும் வளர்த்த அறிவு அவ்வாறே சொல்லும்.

ஆனால் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 1990 ஆம் ஆண்டுகளில், வேருக்குச் செல்லும் நீரிலும் வேரிலிருந்து மீளும் நீரிலும் உள்ள நைதரசனை நாள்தோறும் அளந்து கண்டது இதற்கு நேர்மாறானது. காம்பு மிக விரைவாக நீளும் நாட்களிலேயே வேர் மிகக் குறைந்த அளவு நைதரசனை எடுக்கிறது. மொட்டுப் பருத்து வெட்டுக்கு அணித்தாகும் நாட்களில் அவ்வளவு பன்மடங்காக உயருகிறது. அப்படியாயின் நீளும் காம்பிற்கு நைதரசன் எங்கிருந்து வருகிறது? செடியின் முதிர்ந்த இலையிலும் அடித்தண்டிலும் வேரிலும் முன்னரே சேமிக்கப்பட்டதிலிருந்து வருகிறது. பெரும்போகத்து நெல்லை உண்டு அடுத்த போகத்திற்கு உழும் குடும்பத்தைப்போல, சென்ற வட்டத்தின் சேமிப்பை உண்டே ரோசா இந்த வட்டத்துக் காம்பை வளர்க்கிறது.

வேர் அந்நாட்களிற் சோம்பியிருப்பதற்குரிய காரணமும் விளங்கக்கூடியதே. வேர் உணவை உள்ளெடுப்பதற்கு இலை தயாரித்த மாப்பொருளும் சர்க்கரையும் தேவை. புதிய காம்பு நீளுகையில் அவற்றையெல்லாம் தன்பால் இழுத்துக்கொள்கிறது. வேருக்குக் கிடைப்பது சொற்பம். காம்பின் இலைகள் முதிர்ந்து தாமே உணவு தயாரிக்கத் தொடங்கியபின் வேருக்கும் பங்கு கிடைக்கிறது. வேர் மீண்டும் உண்ணத் தொடங்குகிறது.

இதிலிருந்து பெறப்படுவன இரண்டு. துளிர் சிவந்து ஓங்கும்போது அள்ளி இடப்படும் பசளை, உண்ண இயலாதவன் முன் வைத்த சோறு. மொட்டுத் தோன்றியதும் “பூ வந்துவிட்டது, இனிப் பசளை எதற்கு?” என்று நிறுத்துவதோ, பசித்தவன் முன்னிருந்து இலையை எடுப்பதற்கு ஒப்பானது. அப்போது மறுக்கப்பட்ட உணவின் குறை அந்தப் பூவிற் புலப்படாது. அடுத்த வட்டத்துக் காம்பிலேயே புலப்படும். அதனால், காரணத்தை இரண்டு மாதம் முன்னர்த் தேட வேண்டுமென்பது கமக்காரருக்குத் தோன்றுவதில்லை. அக்குறையைக் கண்டு அவசரமாக மேலும் யூரியா இடுகிறார். அதுவும் செடி எடுக்கமுடியாத அதே நாட்களில்.

பெப்ரவரி 14 ஆம் நாளின் சந்தையை எண்ணி நுனி கிள்ளுவோருக்கு இச்செய்தி முக்கியமானது. டிசெம்பர் நடுப்பகுதிக்குப் பின் நுனி கிள்ளிய பாத்தி முழுவதும் ஒரே வேளையில் துளிர்த்து ஒரே வேளையில் மொட்டுக்கு வரும். அத்தகைய பாத்தியில் டிசெம்பர் இறுதியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் பசளை நீரின் செறிவைக் குறைத்து, மொட்டுத் தோன்றியபின் படிப்படியாக உயர்த்தி, வெட்டு முடியும் வரை அதனைத் தொடர வேண்டும். நாள்தோறும் சில காம்பு வெட்டப்படும் பாத்தியிலோ செடிகள் வெவ்வேறு நிலையில் நிற்பதால் ஒன்றின் பசி மற்றொன்றின் ஓய்வோடு கலந்துவிடும். அங்கே காலம் பார்க்க வேண்டியதில்லை. சிறிய அளவை இடைவிடாது கொடுத்தலே போதும். இரண்டு வகைப் பாத்தியிலும் ஆகாதது, மாதத்திற்கு ஒருமுறை கையள்ளி வீசுவதுதான்.

சேமிப்பை உண்டு வளரும் செடிக்குச் சேமிப்பு அறையும் வேண்டும். முதிர்ந்த இலைகளும் அடித்தண்டும் அதன் களஞ்சியம். காம்பை நீளமாக்கும் ஆசையில் மிகத் தாழ்வாக வெட்டி, ஐந்து சிற்றிலை கொண்ட இலை ஒன்றிரண்டையேனும் விட்டுவைக்காத செய்கையாளர், களஞ்சியத்தையும் சேர்த்தே விற்கிறார். விற்பனைக்கு உதவாத மெலிந்த காம்பை வெட்டி எறியாமல் வழிப்பக்கமாக வளைத்துவிடும் முறை யப்பானிலிருந்து பரவியது. வளைந்த காம்பின் இலைகள் செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டே இருக்கும். ஒரு சதமும் செலவில்லாத பசளை இது என்று சொன்னாலும் தகும்.

இனி யூரியாவைப் பற்றிச் சில வார்த்தை. நெல் வயலுக்கு யூரியா ஏற்றது என்பதில் ஐயமில்லை. நீர் தேங்கிய மண்ணில் அது அமோனியமாக மாறி நிற்கும். நெல் அமோனியத்தை விரும்பி எடுக்கும். நைத்திரேற்றாக இட்டாலோ அவ்வயலில் அது வாயுவாகிப் போய்விடும். ரோசாவின் விருப்பம் இதற்கு மறுதலை. அது நைத்திரேற்றையே பெரிதும் நாடும். ஊட்டும் நைதரசனில் அமோனியத்தின் பங்கு காற்பங்கிற்கு மேற்படுவது நன்றன்று. காற்றோட்டமுள்ள வெப்பமான மண்ணில் நுண்ணுயிர்கள் அமோனியத்தை விரைவில் நைத்திரேற்றாக்கிவிடும். மலைநாட்டின் குளிர்ந்த அமில மண்ணில் அவ்வேலை மந்தமாகவே நடக்கும். மிகையான அமோனியம் வேரைத் தளர்த்துவதோடு கல்சியம் உட்செல்வதையும் தடுக்கிறது. கல்சியம் குறைந்த இதழில் நரைப்பூஞ்சணம் எளிதிற் பற்றும். பெட்டியில் அடுக்கும்போது நலமாயிருந்த மலர் கொழும்பை அடையும்போது அழுகியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆதலாற் கூடாரத்து ரோசாவிற்குக் கல்சியம் நைத்திரேற்றும் பொற்றாசியம் நைத்திரேற்றும் சொட்டுநீரிற் கரைத்துக் கொடுப்பது உகந்தது. விலை கூடியது என்பது உண்மையே. கல்சியம் நைத்திரேற்றில் நைதரசன் நூற்றுக்கு 15.5 பங்கு, 1,000 இலீற்றர் நீரில் 645 கிராமைக் கரைத்தால் இலீற்றருக்கு 100 மில்லிகிராம் நைதரசன் கிடைக்கும். முன்கூறிய கணக்கின்படி தேவை சிறிதாதலால், அளந்து இடுவோருக்கு இவ்விலை தாங்கக்கூடியதே. அள்ளி இடுவோருக்கே தாங்காது. செறிந்த கரைசலாக வைக்கும்போது கல்சியம் நைத்திரேற்றையும், சல்பேற்று அல்லது பொசுபேற்று அடங்கிய பசளையையும் ஒரே தாங்கியில் இடலாகாது. இட்டால் வெண்படிவு தோன்றிக் குழாயின் துளைகளை அடைத்துவிடும்.

பொற்றாசியம் காம்பின் உறுதிக்கும் மலரின் தரத்துக்கும் வேண்டியது. எனினும் அதுவும் மிகுந்தாற் கல்சியத்தையும் மகனீசியத்தையும் தள்ளிவிடும். கீழிலைகளின் நரம்பு பச்சையாயிருக்க நரம்பிடை மஞ்சளிப்பது மகனீசியக் குறை. இளவிலைகளில் அவ்வாறு தோன்றுவது பெரும்பாலும் இரும்புக் குறை. இரண்டையும் “மஞ்சள் நோய்” என்று ஒரே பெயரால் அழைத்து, இரண்டுக்கும் யூரியாவையே மருந்தாக்குவது வழக்கமாயிற்று. யூரியா இவ்விரண்டில் ஒன்றையும் தீர்க்காது.

பொசுபரசைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. மலைநாட்டு மரக்கறி நிலங்களில் ஆண்டுக்கணக்காக இடப்பட்ட பொசுபேற்றுப் பசளையும் கோழி எருவும் பொசுபரசை மிகையாகச் சேர்த்துவிட்டன. அது நைத்திரேற்றைப்போலக் கழுவிச் செல்வதன்று. அங்கேயே இருந்து நாகத்தையும் இரும்பையும் செடிக்குக் கிடைக்காமற் செய்கிறது. பழைய மரக்கறிப் பாத்தியில் ரோசா நாட்டுவோர், மண் பரிசோதனையில் வேண்டுமென்று கண்டாலன்றி அதனை வாங்கவே வேண்டியதில்லை.

மண்ணின் அமிலத்தன்மையை நடுகைக்கு முன்னரே சீர்செய்தல் வேண்டும். ரோசா ஒருமுறை நாட்டினால் ஐந்தாண்டுக்கு மேலும் நிற்பது. பின்னர் வேரடியில் தொலமைற்றைக் கலக்க வழியில்லை. பீஎச் 6.0 முதல் 6.5 வரை இருத்தல் நன்று. மலைநாட்டு மண் இதற்குக் கீழே நிற்பதாற் சுண்ணம் கேட்கும். யாழ்ப்பாணத்தில் முற்றத்து ரோசா வளர்ப்போரின் இடர் இதற்கு எதிரானது: சுண்ணக்கல்லின் மேலுள்ள மண்ணும் கடின நீரும் பீஎச்சை உயர்த்துவதால், மண்ணில் இரும்பு இருந்தும் செடி அதனைப் பெறாது. மலைநாட்டுச் சிபாரிசை அங்கு கொண்டுசென்று தொலமைற்று இடுவது நோயை வளர்ப்பதாகும்.

“பசளையைக் குறைத்தாற் பூச் சிறுக்காதா?” என்பது நேர்மையான அச்சம், அதனை எள்ளுதல் தகாது. உழைப்பையும் கடனையும் இட்டவர், எதிலும் குறை வைக்க அஞ்சுவது இயல்பே. இதற்கு விடை இலையிலேயே உண்டு. மலரின் புல்லிகள் விரியத் தொடங்கும் காம்பில், மேலிருந்து எண்ணி முதலாவதாக முதிர்ந்த ஐந்து சிற்றிலை கொண்ட இலையைப் பறித்துப் பரிசோதிக்கும்போது, நைதரசன் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரையும் பொற்றாசியம் 1.5 முதல் 3 பங்கு வரையும் இருக்குமாயிற் செடி நிறைவாக உண்டிருக்கிறது. நிறைவான செடிக்கு மேலும் ஊட்டுவதாற் பூப் பெருக்காது. மாறாக உப்புப் பெருகும்.

உப்பை எளிதில் அளக்கலாம். மின்கடத்துதிறனைக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்று போதும். மண்ணின் நிரம்பற்சாற்றில் அது மீற்றருக்கு 2 முதல் 3 டெசிசீமன்சு வரை ஏறினாலே ரோசா வருந்தத் தொடங்கும். முதற்குறி இலையோரக் கருகல். அடுத்தது காம்பு குறுகல். ஈரமான மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுவது இந்நிலையிலேயாம். இதனை நீர்க்குறை என்று எண்ணி மேலும் பசளை நீரையே விடுவோரும் உண்டு.

இங்கு ஒன்றை வெளிப்படையாகக் கூறுதல் நலம். ஹெக்டயருக்கு இத்தனை கிலோகிராம் என்று அச்சிட்ட சிபாரிசு அட்டவணை, திறந்த வெளியில் ஒரு போகம் நிற்கும் பயிருக்கெனப் பிறந்தது. அது ஒரு தொடக்கப்புள்ளி. கூடாரத்து ரோசாவிற்கு அதுவே முடிவாகாது. விற்பனை முகவர் கையளிக்கும் “வாரத் திட்டம்” அதனினும் நம்பத்தகாதது. மண்ணையும் நீரையும் பார்க்காமல் எழுதப்பட்ட மருந்துச் சீட்டு அது. கூடாரம் அமைக்கக் கடனோ மானியமோ வழங்குவோர், பொலித்தீனுக்கும் இரும்புக் குழாய்க்கும் பணம் ஒதுக்குவதோடு நில்லாமல், மண் பரிசோதனைக்கும் உப்பளக்கும் கருவிக்கும் உரிய தொகையையும் அதே கணக்கிற் சேர்ப்பதே முறை. கூடாரத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அத்தொகை மிகச் சிறிது.

இலங்கையிற் பசளை மானியம் 1962 இல் ஆரம்பமானது. 2005 இல் நெல்லுக்குரிய 50 கிலோகிராம் மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. விலை மலிந்த பொருளை அளந்து பயன்படுத்தும் பழக்கம் எந்நாட்டிலும் வளர்வதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோதும், அடுத்த ஆண்டில் யூரியாவின் விலை பன்மடங்காயிற்று. பயிருக்கு எவ்வளவு தேவை என்று அறிந்தவர், அத்தகைய நாளிற் கையிலுள்ள சிறிதளவையேனும் உரிய வேளைக்குப் பங்கிட இயலும். மூடையை மட்டும் அறிந்தவருக்கு மூடை இல்லாத நாளில் வழியேதும் இல்லை. சேதனப் பசளை ஒன்றே போதும் என்று அப்போது சொல்லப்பட்டதும், இரசாயனப் பசளை ஒன்றே போதும் என்று அதற்கு முன் நடந்ததும், செடியின் தேவையைக் கேளாத இரு பேச்சுகளே. கூட்டெரு மண்ணைப் பொலபொலப்பாக்கி, உணவைப் பிடித்துவைத்து, வேருக்குக் காற்றுத் தருகிறது. ஒவ்வொரு ரோசாப் பாத்திக்கும் அது வேண்டியதே. மொட்டுப் பருக்கும் பத்து நாளில் உயரும் பசிக்கு உடனே ஈடுகொடுத்தல் அதனாற் கூடாது.

மிகை உப்பு ஏறிய பாத்தியை மீட்க ஒரு வழி உண்டு. நல்ல வடிகால் இருப்பின், 15 சென்றிமீற்றர் ஆழ நீரை மெதுவாக விட்டால் மேல் 30 சென்றிமீற்றர் மண்ணின் உப்பில் ஏறக்குறையப் பாதி கீழிறங்கும். நூறு சதுர மீற்றருக்கு இது 15,000 இலீற்றர். உப்புப் பாத்தியை விட்டு இறங்குகிறது. ஆயினும் உலகை விட்டு மறைவதில்லை. நுவரெலியாவின் நீர் நானு ஓயா வழியாகக் கொத்மலை நீர்த்தேக்கத்தை நாடுகிறது. வெலிமடைப் பள்ளத்தாக்கின் நீர் உமா ஓயாவாகி மகாவலியிற் கலக்கிறது. 2024 இல் தொடங்கிவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தின்பின் அதன் ஒரு பகுதி தென்கிழக்கு வறண்ட வலயத்திற்கும் செல்கிறது. மலையில் ஒருவர் கழுவிவிட்டதைச் சமவெளியில் வேறொருவர் வயலுக்குப் பாய்ச்சுகிறார்; இடையில் எத்தனையோ குடும்பம் அதனைக் குடிக்கிறது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தாண்டினால் முதலிற் பாதிக்கப்படுவது புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திற் பல கிணறுகளில் இவ்வெல்லை மீறப்பட்டமை ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது. செறிந்த செய்கையில் இடும் பசளை அதற்குரிய காரணங்களுள் ஒன்று. மலைநாட்டு ஓடைகளும் அந்நிலைக்குச் செல்வதற்கு இடமளித்தல் ஆகாது.

ஆகவே பாத்தியைக் கழுவும் நீரை ஓடைக்கு நேராக விடாமல், கூடாரத்தின் தாழ்ந்த பக்கத்தில் நேப்பியர்ப் புல்லோ வேறு தீவனப் புல்லோ வளர்ந்த ஒரு துண்டு நிலத்திற் பரவவிடுதல் வேண்டும். புல் நைத்திரேற்றை விரும்பி உண்ணும், மாட்டுக்குத் தீவனமாகும், எரு மீண்டும் கூட்டெருக் குழிக்கு வரும். கழுவியபின் முதல் இரு வாரத்திற்குப் பசளை நீரின் செறிவைப் பாதியாக வைத்து, மூன்றாம் வாரத்தில் மீண்டும் உப்பை அளந்து, வெட்டிய காம்புகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் அதே பக்கத்திற் குறித்துவைக்கலாம். இரண்டு வட்டங்களின் குறிப்பு கையிலிருந்தால், அடுத்த மூடையை எப்போது வாங்குவது என்பதை விற்பனை முகவரிடம் கேட்க வேண்டிய தேவை இராது.